தூதர் போகும் சாலை

பாக்தாத் விமான நிலையத்திலிருந்து, நகரின் நடுவே பலத்த காவலோடு இருந்த ‘கிரீன் ஸோன்’ வளாகம் வரை சுமார் 12 கிலோமீட்டர். அந்தச் சாலைக்கு அமெரிக்கப் படையினர் வைத்த பெயர் ‘ரூட் ஐரிஷ்’. உலகிலேயே ஆபத்தான சாலை என்று 2004, 2005-ஆம் ஆண்டுகளில் செய்தியாளர்கள் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

2005 மார்ச் 4, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, விமான நிலையத்தை நோக்கி ஒரு வாடகை டொயோட்டா கரோலா வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் இத்தாலியப் பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்க்ரேனா. ஒரு மாதம் கடத்தல்காரர்களின் பிடியில் இருந்துவிட்டு அன்றுதான் விடுதலையாகியிருந்தார். பக்கத்தில், அவரை மீட்டுவந்த இத்தாலிய உளவுத்துறை அதிகாரி நிக்கோலா கலிபாரி. காரை ஓட்டியவர் இன்னோர் இத்தாலிய அதிகாரி. ரூட் ஐரிஷில் ஏறும் வளைவில் அமெரிக்க வீரர்கள் சாலையை மறித்து நின்றிருந்தார்கள். கார் எவ்வளவு வேகத்தில் வந்தது, முறையாக எச்சரித்தார்களா என்பதிலெல்லாம் இரு நாட்டு அறிக்கைகளும் ஆளுக்கொரு கதை சொல்லின. இயந்திரத் துப்பாக்கி சில விநாடிகள் சுட்டது என்பதில் மட்டும் சண்டை இல்லை. கலிபாரி அந்தப் பெண்ணைக் கீழே அழுத்தி, தன் உடம்பால் மூடிக்கொண்டார். குண்டு அவர் தலையில் பாய்ந்தது. ஸ்க்ரேனா காயத்தோடு பிழைத்தார்.

கலிபாரிக்கு ரோமில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. வீரத்துக்கான தங்கப் பதக்கத்தையும் இத்தாலி அவருக்கு அளித்தது. அதெல்லாம் செய்தியாக வந்தது. அந்த வீரர்கள் அன்றிரவு அந்த வளைவில் ஏன் நின்றார்கள் என்பது பலரின் கண்ணில் படாமல் போனது. அமெரிக்கத் தூதர் ஜான் நெக்ரோபோன்ட்டி, படைத் தளபதி ஜார்ஜ் கேசியோடு இரவு விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. அவர் காரில் போனார். அவர் போகும் நேரத்தில் சாலையில் யாரும் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மறிப்பு. கால் மணி, அரை மணி நேர வேலை என்று சொல்லி நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். தூதர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகும், கலைந்துபோகலாம் என்ற உத்தரவு வரவில்லை. தகவல் தொடர்பில் கோளாறு. கரோலா வந்தது அந்த இடைவெளியில்தான்.

ஒருவரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு, இன்னொருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவரைக் கொன்றது. போர்ப் பகுதி மெய்க்காப்பாளர் தொழிலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இந்தத் தொழிலில் ஆபத்து என்பது ஒழிந்துபோவதில்லை. காரின் உள்ளே இருப்பவரிடமிருந்து எடுத்து, காருக்கு வெளியே தெருவில் நிற்பவர் மேல் ஏற்றிவைக்கப்படுகிறது. எவ்வளவு ஏற்றலாம், யார் மேல் ஏற்றலாம் என்பதுதான் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நடந்த தகராறு முழுவதும்.

துப்பாக்கிக்கு வேலை வைக்காதவர்

மெய்க்காப்பாளர் என்றதும் நமக்குக் கறுப்புக் கண்ணாடி, சஃபாரி உடை, காதில் சுருள் வயர் எல்லாம் நினைவுக்கு வரும். சினிமாவின் உபயம். போர்ப் பகுதியில் இந்த வேலை பார்ப்பவரின் நாளில் பெரும்பகுதி வரைபடத்தோடும் தொலைபேசியோடும் கழிகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு ஓர் அமைச்சகத்தில் சந்திப்பு என்றால் வேலை இன்று மாலையே தொடங்கிவிடும். இந்த வாரம் எந்தச் சாலைச் சந்திப்பில் குண்டு வெடித்தது? எந்தப் பாலத்தில் போலீஸ் வேடத்தில் சோதனைச் சாவடி போடுகிறார்கள்? ஒரு வழி அடைத்தால் மாற்று வழி எது, அதுவும் அடைத்தால் எந்த ராணுவ முகாமுக்குள் ஓடி நுழையலாம்? அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனை எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது? சந்திப்பு நேரம் யார் யாருக்குத் தெரியும்? அமைச்சகத்தின் வாசல் எந்தப் பக்கம், கார்க் கதவிலிருந்து கட்டடக் கதவுக்கு எத்தனை எட்டு?

இந்தக் கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். காரில் ஏறுவதும் இறங்குவதும்தான் இந்தத் தொழிலில் மிகவும் அஞ்சப்படும் கணங்கள். வீட்டு வாசலும் அலுவலக வாசலும் யாராலும் மாற்ற முடியாதவை. வழியைத் தினம் மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். புறப்படும் இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் என்ன செய்ய முடியும்? அதனால் முன்னோட்டக் குழு ஒன்று முதலிலேயே போய் வாசலைப் பார்த்துவிடும். பிறகு மூன்று வண்டிகள் வரும். முன் வண்டி வழி பார்க்கும். நடு வண்டியில், தொழிலில் ‘பிரின்சிபல்’ என்று சொல்லப்படும் அந்த முக்கியஸ்தர். தாக்குதல் வந்தால் நின்று சமாளிப்பதற்கு ஆள் ஆயுதத்தோடு பின் வண்டி. பிரின்சிபலின் தோளுக்கு ஓரடி பின்னால் நிற்பவர் ஒரே ஒருவர்தான். அவர் கண் பிரின்சிபல் மேல் இருக்காது; எதிரே நிற்பவர்களின் கைகள் மேல் இருக்கும்.

கவச வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி6 தரக் கவசம் போட்ட லேண்ட் குரூசர் ஏ.கே. 47 குண்டைத் தாங்கும். எடையோ சாதாரண வண்டியைவிட டன் கணக்கில் கூடிவிடும். பிரேக் போட்டால் உடனே நிற்காது; வளைவில் சாயப் பார்க்கும்; கதவைத் திறக்கவே தோள்பலம் வேண்டும்; கண்ணாடியை இறக்க முடியாது. உள்ளிருந்து திருப்பிச் சுடவும் வழியில்லை. சுடுவதற்காகச் செய்த வண்டி இல்லை அது, தப்பி ஓடுவதற்காகச் செய்தது. இந்தத் தொழிலின் பால பாடமும் அதுதான்: தாக்குதல் வந்தால் நிற்காதே, போய்க்கொண்டே இரு. வண்டி செத்துவிட்டால் பிரின்சிபலை அடுத்த வண்டிக்கு மாற்று. எதிரியைப் பிடிப்பதும் கொல்வதும் உன் வேலை இல்லை. ராணுவத்தில் பத்துப் பதினைந்து வருடம் எதிரியை நோக்கிப் பாயப் பழகியவர்களுக்குத் திரும்பி ஓடப் பழகுவதுதான் கஷ்டம். பிரிட்டனில் இந்த வேலைக்கு அரசு உரிமம் உண்டு. சில வாரப் பயிற்சி, முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். பழக்கத்தை மாற்றச் சில வாரம் போதுமா என்பது வேறு விஷயம்.

ஆயுதத்தைவிட ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை அதிகம் உதவும் என்பதும் இங்கே பழகியவர்களுக்குத் தெரியும். வெடிகுண்டில் கால் போனவர் சில நிமிடங்களில் ரத்தம் இழந்தே இறந்துவிடுவார். மருத்துவர் வரக் காத்திருக்க நேரம் இருக்காது.

இத்தனை ஏற்பாட்டையும் ஒரே நொடியில் வீணாக்கக் கூடியவர் ஒருவர் உண்டு, காக்கப்படுபவரேதான் அவர். 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டி லியாகத் பாக் மைதானத்திலிருந்து பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பேநசீர் புட்டோ புறப்பட்டது கவச வண்டியில். கூரைத் திறப்பின் வழியே எழுந்து நின்று தொண்டர்களுக்குக் கையசைத்தபோது கொல்லப்பட்டார். கவசம் கழுத்துக்குக் கீழே இருந்தது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. மக்களிடம் வாக்குக் கேட்கப் போகும் ஒருவர் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து எப்படிக் கேட்பது? நமக்கு இது புதிதில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கூட்டத்துக்குள் இறங்கி நடந்தார். அவரோடு இறந்தவர்களில் அவருடைய பாதுகாப்பு அதிகாரி பிரதீப் குமார் குப்தாவும் தமிழகக் காவலர்களும் உண்டு.

செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோவின் கதை வேறு மாதிரி. பாக்தாத்தில் ஐ.நா.வின் தலைமைப் பிரதிநிதி. கனால் ஹோட்டலில் அலுவலகம். அவருக்கு மெய்க்காப்பாளர்கள் இருந்தார்கள். ஆனால், இராக்கியர்கள் தயங்காமல் வந்துபோகும் இடமாக அது இருக்க வேண்டும் என்று ஐ.நா. நினைத்தது, அமெரிக்கப் படை வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்பதை விரும்பவில்லை. பக்கத்துச் சாலை திறந்தே இருந்தது. 2003 ஆகஸ்ட் 19 மாலை, வெடிமருந்து ஏற்றிய லாரி அவருடைய அறைச் சன்னலுக்குக் கீழேயே வந்து வெடித்தது. அவரோடு சேர்த்து 22 பேர் மாண்டார்கள். ஐ.நா.வின் பாதுகாப்பு ஏற்பாடே சீர்கெட்டுக் கிடக்கிறது என்று மார்ட்டி அஹ்திசாரி தலைமையிலான விசாரணைக் குழு எழுதியது. தோளுக்குப் பின்னால் நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சுவர் செய்ய வேண்டிய வேலையை அவரால் செய்ய முடியாது.

நூறு மீட்டர் தள்ளி வா

இராக்கில் இந்தத் தொழில் இரண்டு வழியாகப் பிரிந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்களில் பல, கண்ணில் படாமல் போகும் வழியைப் பிடித்தன. உள்ளூர் எண் பலகை மாட்டிய பழைய கார்கள், இராக்கிய ஓட்டுநர், சன்னலில் திரை, நெரிசலோடு நெரிசலாகப் பயணம். ஆயுதம் மடியில் துணிக்கு அடியில் இருக்கும். நெரிசலில் மாட்டிக்கொண்டால் மற்றவர்களைப் போலவே காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பைப் பொறுக்க நரம்பு வேண்டும்.

மற்றது, அமெரிக்க வெளியுறவுத் துறைக்காக வேலை செய்த பிளாக்வாட்டர் பிடித்த வழி. பெரிய கவச வண்டிகள், கூரையில் துப்பாக்கி, மேலே வட்டமிடும் சிறு ஹெலிகாப்டர், எதிர்த்திசையிலும் ஏறிப் பாயும் வேகம். கான்வாய்களின் பின்புறத்தில் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை தொங்கும்: நூறு மீட்டர் தள்ளி வா, இல்லையேல் சுடப்படுவாய். பாக்தாத் வாசிக்கு அன்றாடம் கடைக்குப் போவதே இந்தப் பலகையைப் படித்துக்கொண்டுதான். பார்வை மங்கியவர், பிரேக் சரியில்லாத டாக்சிக்காரர், அவசரமாக மருத்துவமனைக்குப் போகிறவர் என எல்லாரும் அந்தப் பலகைக்கு ஒன்றுதான்.

வட கரோலினாவின் சதுப்பு நிலத்தில் 1997-இல் பயிற்சிக் களமாகத் தொடங்கிய நிறுவனம் பிளாக்வாட்டர். 2003-இல் இராக்கை நிர்வகித்த பால் பிரெமரைக் காக்கும் ஒப்பந்தம் கிடைத்ததும் அதன் முகமே மாறியது. பிரெமர் இராக்கை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன், 2004 ஜூன் மாதம், திருத்திக் கையெழுத்திட்ட 17-ஆம் எண் ஆணை, வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்களை இராக்கியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்தது. 2009 ஜனவரி வரை அதுதான் நிலை.

வீரம் காட்டிய கம்பெனி தன் ஆட்களை எப்படி அனுப்பியது என்றும் பார்க்கலாம். 2004 மார்ச் 31 அன்று பல்லூஜாவில் அதன் நால்வர் கொல்லப்பட்டு, இருவரின் உடல்கள் யூப்ரடீஸ் பாலத்தில் தொங்கவிடப்பட்டன. அந்தப் படம் உலகத்தையே உலுக்கியது. சில நாட்களில் அமெரிக்கப் படை அந்த ஊரைத் தாக்கியது. அந்த நால்வர் எந்தத் தூதரையும் அழைத்துப் போகவில்லை. சமையலறைச் சாமான் ஏற்றிவரப் போன காலி லாரிகளுக்குக் காவலாகப் போனார்கள். வண்டிக்கு மூவர் போக வேண்டிய இடத்தில் இருவர்தான், பின்பக்கம் பார்க்க ஆள் இல்லை, வண்டிக்குக் கவசமும் இல்லை என்று பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்துச் சொன்னது. முந்தைய மாலை வரைபடத்தின் முன் உட்கார வேண்டிய நேரத்தை மிச்சம் பிடித்ததன் விலை அது.

2007 செப்டம்பர் 16. பாக்தாத்தின் நிசூர் சதுக்கம். சற்றுத் தொலைவில் ஒரு கார் குண்டு வெடித்திருந்தது. அங்கே ஒரு சந்திப்பில் இருந்த அமெரிக்க அதிகாரியை வேறொரு பிளாக்வாட்டர் குழு பத்திரமாக வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு வழி ஒழுங்கு செய்யும் பெயரில் ‘ரேவன் 23’ என்ற குழு நான்கு கவச வண்டிகளில் வந்து சதுக்கத்தை மறித்தது. ஒரு வெள்ளை கியா கார் நிற்காமல் மெதுவாக நகர்ந்து வந்தது. கார் குண்டு என்று நினைத்தோம் என்றார்கள் காவலர்கள். காரில் இருந்தவர்கள் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரும் அவருடைய தாயும். துப்பாக்கி அந்தக் காரோடு ஓயவில்லை. 17 இராக்கியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் 9 வயதுப் பையன். 14 சாவுகளுக்காவது எந்த நியாயமும் இல்லை என்பது எஃப்.பி.ஐ. விசாரணையின் முடிவு.

ரூட் ஐரிஷில் தூதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கேயும் காக்கப்பட வேண்டியவருக்கு ஆபத்து தாண்டிவிட்டது. சாலையில் நின்றவர்களுக்குத்தான் தாண்டவில்லை.

நிசூருக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு கணக்கைப் புரட்டியது. 2005 தொடக்கத்திலிருந்து பிளாக்வாட்டர் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 195. அவற்றில் 163-இல் முதலில் சுட்டது அந்த நிறுவனத்தின் ஆட்கள். பெரும்பாலும் ஓடும் வண்டியிலிருந்து சுட்டிருக்கிறார்கள். அடிபட்டவர் யார், உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வண்டியை நிறுத்தவில்லை. தப்பி ஓடு என்ற அந்தப் பால பாடத்தை எப்படியெல்லாம் கடைப்பிடிக்க முடியும் பாருங்கள். நிறுவனத் தலைவர் எரிக் பிரின்ஸ் 2007 அக்டோபரில் குழுவின் முன் வந்து, தங்கள் பொறுப்பில் இருந்த ஒருவர்கூட உயிரிழக்கவில்லை என்றார். பொய் இல்லை. ஒப்பந்தத்தில் எண்ணச் சொன்னது அந்த ஒன்றை மட்டும்தான்.

கையில் துப்பாக்கி இருந்தும் சுடாமல் இருப்பது அவ்வளவு எளிதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெருங்கி வரும் காரில் குண்டு இருக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்க இரண்டு மூன்று விநாடிதான் உண்டு. தவறினால் நடு வண்டியில் எல்லாரும் சாம்பல். 2002 செப்டம்பர் 5 அன்று காந்தஹாரில் ஆப்கன் அதிபர் ஹமீத் கர்சாயின் கார் மீது சீருடை அணிந்த ஒருவன் சுட்டான். அமெரிக்கச் சிறப்புப் படையினர் அவருக்குக் காவலாக இருந்தார்கள். உடனே திருப்பிச் சுட்டார்கள். கொலையாளி இறந்தான்; கூடவே அவனைக் கட்டிப் பிடித்து மடக்கிய பொதுமகன் ஒருவரும் கர்சாயின் ஆப்கன் காவலர் ஒருவரும் இறந்தார்கள். அந்தக் கண நேரத்தில் யார் யாரென்று பிரித்துப் பார்க்க உலகின் சிறந்த பயிற்சியாலும் முடியவில்லை. இந்தச் சிரமத்தை மறுப்பதற்கில்லை. சதுக்கத்தை நிரப்பி நின்ற கார்கள்மேல் நிமிடக் கணக்கில் சுட்டதற்கு இந்தச் சிரமத்தைக் காரணம் காட்டுவதை மட்டும் ஏற்க முடியாது.

நிசூர் வழக்கில் 2014-இல் நால்வர் குற்றவாளிகள் என்று வாஷிங்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இராக்கிலிருந்து சாட்சிகள் கடல் கடந்து வந்து சாட்சி சொன்ன வழக்கு அது. 2020 டிசம்பர் 22 அன்று அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். இதற்கு நடுவில் 2008-இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் 17 நாடுகள் கூடி, தனியார் காவல் நிறுவனங்கள் போரில் எப்படி நடக்க வேண்டும் என்று ஓர் ஆவணம் எழுதின. நல்ல ஆவணம்தான், சட்டமாக யாரையும் கட்டுப்படுத்தாது.

பஸ்ஸில் போன காவலர்கள்

ஒரு பிளாக்வாட்டர் காவலருக்கு அந்த நிறுவனம் அரசிடம் வாங்கியது நாளொன்றுக்கு 1,222 டாலர் என்று அதே நாடாளுமன்றக் குழு கணக்கிட்டது. காவலர் கைக்குப் போனது அதைவிடக் குறைவு. ஆனாலும் ராணுவத்தில் இருந்தபோது வாங்கியதோடு ஒப்பிட்டால் பெருந்தொகை. அதே நகரத்தில், வெயிலில் மணல் மூட்டைக்குப் பின்னால் வாசலைக் காத்த உகாண்டாக்காரரும் பெரு நாட்டவரும் மாதம் ஆயிரம் டாலரோ அதற்கும் குறைவாகவோ வாங்கினார்கள். பிரின்சிபலின் தோளருகே நிற்பவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர். வாசலில் நிற்பவர் மூன்றாம் நாட்டுக்காரர். கோப்புகளில் அப்படித்தான் எழுதினார்கள். தற்கொலைக் குண்டோடு வருபவன் முதலில் சந்திப்பது வாசலில் நிற்பவரை. இந்தத் தொழிலில் ஆபத்தும் சம்பளமும் எதிரெதிர்த் திசையில் ஏறி இறங்குகின்றன.

காபூலில் கனடா தூதரகத்தைக் காத்தவர்களில் பெரும்பாலோர் நேபாளிகள். பலர் முன்னாள் கூர்க்கா வீரர்கள். தூதரக அதிகாரிகள் கவச வண்டியில் போனார்கள், அவர்களைக் காப்பவர்கள் தங்குமிடத்திலிருந்து வேலைக்குக் கவசமில்லாத மினி பஸ்ஸில் போனார்கள். தினமும், ஏறத்தாழ அதே நேரத்துக்கு. இந்தத் தொழிலில் ஒருவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது எதுவோ, அது அத்தனையும் அந்த பஸ் விஷயத்தில் மீறப்பட்டது. 2016 ஜூன் 20 அதிகாலை, தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் நடந்துவந்து பஸ் பக்கத்தில் வெடித்தான். 14 காவலர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் இந்தியர்கள். ஆப்கானிஸ்தான், இராக் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி தருவதை நேபாள அரசு சில காலம் நிறுத்திவைத்தது.

அமெரிக்க ஒப்பந்தத்தில் செத்தவர்களுக்காவது 1941-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எந்த நாட்டுக்காரரானாலும் முதலாளி காப்பீடு எடுத்தாக வேண்டும். ஒப்பந்தக் காவலர்களின் சாவு ராணுவத்தின் இழப்புப் பட்டியலில் ஏறாது. காப்பீட்டுக் கோரிக்கையாக அமெரிக்கத் தொழிலாளர் துறைக்குப் போய்ச் சேரும். கோராத குடும்பத்தின் ஆள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். கனடாவின் ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஓய்வு பெற்ற ராணுவத்தினருக்கு இப்படி வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட்டுகள் இந்தியாவிலும் உண்டு. சம்பளம், சாப்பாடு, விடுமுறை, விமான டிக்கெட் எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். தங்குமிடத்திலிருந்து டூட்டி இடத்துக்கு எந்த வண்டியில் கூட்டிப்போவார்கள், அதற்குக் கவசம் உண்டா, புறப்படும் நேரம் தினமும் மாறுமா, காப்பீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, அது எந்த நாட்டுச் சட்டத்தில் செல்லும் என்பதை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாம்தான் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும்.